தேய்த்தும் போகாத சிவப்பு

கணுக்காலுக்கு மேலே குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் கலர் மருந்து கலக்கும் எனக்கு அது கெமிக்கல் கறை. நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். மறுநாள் முழங்கால் வரை ஏறியிருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அவ்வளவு அறிவு.

கூட வேலை பார்க்கும் மாரி, "ஏலே, தீவாளிக்கு முன்னாடியே நீ வெடிச்சிட்டியாலே?" என்றான். நானும் சிரித்தேன்.

எட்டு வருடமாக எனக்கு எச்.ஐ.வி. இருப்பது மனைவி செல்விக்கு மட்டும் தெரியும். ஒரு காலையில் அவள்தான், "ஏங்க, தலகாணியில ரத்தம். பல்லுல இருந்து வருது. கெளம்புங்க" என்றாள்.

விருதுநகர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னால் உட்கார முடியவில்லை. சுவரிலிருந்த கர்ப்பிணிகளுக்கான அறிவுரைகளைக்கூட மூன்று தடவை படித்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பிளேட்லெட் (காயத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள்) ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். எனக்குப் பதினாறாயிரம்.

"எச்.ஐ.வி.க்கான கூட்டு மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றார் டாக்டர்.

"போடுறேன் சார்."

"பொய் சொல்லாதீக," என்றாள் செல்வி. "டப்பாவ ஆட்டிப் பாத்தேன் சார், சத்தமே இல்ல. சீசன்ல லீவு போட்டா பட்டாசு லோடு நிக்கும்னு ரெண்டு மாசமா மாத்திர வாங்கவே போகல."

"லோடு போயிருச்சா?"

"போயிருச்சு சார்."

"நீங்க போயிராம இருக்கணும்."

மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் பெருகும், தட்டணுக்களும் குறையலாம் என்றார். காலில் இருந்தது கறை இல்லை, தோலுக்கடியில் கசிந்த ரத்தம். இப்போது அடிபட்டால் ரத்தம் நிற்குமா என்பதற்கு அவரிடம் உத்தரவாதம் இல்லை. இதைப் படிக்கும் உங்களுக்கும் இப்படிப் புள்ளி வந்தால் தேய்க்காதீர்கள். ரத்தம் பரிசோதிக்கப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுக்கை. கூட்டு மாத்திரை மறுபடி, கொஞ்ச நாள் ஸ்டீராய்டு. வீட்டில் பிளேடு, பைக், கத்தி மூன்றையும் செல்வி பறிமுதல் செய்தாள். தாடியோடு வீட்டுக்குள் உலாத்தியே இருக்கன்குடி மாரியம்மன் கோயில் வரை நடந்திருப்பேன்.

மூன்றாம் மாதம் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. தாளில் இருந்தது, நம்பத்தான் முடியவில்லை. செல்வி பார்க்காதபோது கத்தியை எடுத்துக் கத்திரிக்காய் நறுக்கி, கை தவறி விரலையும் நறுக்கினேன்.

துணியோடு ஓடி வந்தாள். "அமுக்குங்க. வாயத் தெறக்காதீக."

இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். மூன்று நிமிடம். துணியை எடுத்தேன். நின்றிருந்தது.

செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்தக் கத்திரிக்காயத் தூரப் போட்டுட்டு வேற நறுக்குங்க" என்றாள்.

மாத்திரை இல்லாமல் இரண்டு மாதத்தைக் கண்ணை மூடிக் கடத்தியவனுக்கு மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று இப்போது தெரியும். மாத்திரை நேரத்துக்கு முன்பே எழுந்து நிற்கிறேன். உடம்பு என்னை நம்பவில்லை. நானும் அதை முழுதாக நம்பவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது.