கானாவூரில் ஒரு வீடியோ கோல்

புனித பூமிக்குப் போய் வந்தவள் என்று எங்கள் சபையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. யோர்தான் நதி எவ்வளவு அகலம், கலிலேயாக் கடலில் இப்போதும் மீன் பிடிக்கிறார்களா என்றெல்லாம் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் நாலு பேர் வாய் பார்த்துக் கேட்கிறார்களே என்று கொஞ்சம் கூடவே அளப்பேன். கானாவூர் வந்தால் மட்டும் தண்ணீர் திராட்சரசமானது, எல்லாரும் குடித்தார்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். கானாவூரில் நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் போதகர் கண்டியிலிருந்து முப்பத்திரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போனார். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரின் பெயரைக் கொடுத்திருந்தோம். அப்பாவுக்கு லீவு கிடைக்காமல் போனதும், அந்த இடத்துக்குச் சித்தியை அழைத்துப் போகலாமே என்று போதகரே சொன்னார். சித்தி அம்மாவின் தங்கை. தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சொந்தமாகப் பிள்ளை இல்லை. சித்தப்பா கத்தாரில் டிரைவர் வேலை பார்ப்பதாக வீட்டில் சொல்லிக்கொள்வோம்.

தெல்தோட்டைக்குப் போனால் நான் சித்தியின் முந்தானையை விடமாட்டேன். ஆனால் அது தெல்தோட்டையில். இந்தப் பயணத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் டவுன்காரர்கள்: டொக்டர், வங்கி மெனேஜர், கடை முதலாளி. அவர்கள் மத்தியில் சித்தியோடு நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாருக்கும் கொடுத்த மஞ்சள் தொப்பியை அவள் கொண்டைக்கு மேலே குந்த வைத்தாற்போல் போட்டிருந்தாள். எங்களைக் கூட்டிப் போன அந்நாட்டு வழிகாட்டிக்கு 'வாங்க வாங்க' என்ற இரண்டு சொற்கள்தான் தமிழில் தெரியும். அவரிடம் போய், "ஐயா, இந்த மரத்துக்கு என்னா வயசு இருக்கும்?" என்று நிதானமாகத் தமிழில் கேட்பாள். எல்லாவற்றையும் விட மோசம், ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பன் மாதிரியான பாண் உருண்டைகளில் இரண்டைக் கடதாசியில் சுற்றி அவள் கைப்பைக்குள் வைத்துக்கொள்வது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் மேசையை மறைத்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு நாளும் இதே கூத்து.

கலிலேயாக் கடலில் படகில் போகும்போது எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். சித்தி பாடாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவிடம், "அக்கா, தெல்தெனியப் பக்கம் டேம் தண்ணி இப்படித்தான் இருக்கு, பாத்திருக்கியா?" என்றாள்.

"நீ எதுக்கு தெல்தெனியப் பக்கம் போன?" என்று அம்மா கேட்டாள். அது தெல்தோட்டைக்குப் பக்கத்து ஊர் இல்லை, கண்டிக்கு அந்தப் பக்கம்.

"சும்மா ஒரு வேலையா போனேன்."

இயேசு நடந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு விக்டோரியா அணையைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்குத் தலை குனிந்தது. முன்னால் இருந்த டொக்டரின் மனைவிக்குக் கேட்டிருக்கும்.

அந்த டொக்டரும் மனைவியும் யாழ்ப்பாணத்தவர்கள், கண்டியில் வெகுகாலம் இருந்தவர்கள். அந்த அம்மா நல்லவர்தான். ஆனால் ஒரு விஷயத்தைக் கேட்கத் தொடங்கினால் விடமாட்டார். மறுநாள் சனிக்கிழமை காலை கானாவூருக்குப் போகும் பஸ்ஸில் அவர் சித்தியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட அவர் கத்தாரில எத்தினை வருஷமாய் இருக்கிறார்?"

"அஞ்சு வருஷமா இருக்காருங்க."

"லீவில வாறேல்லையோ?"

"வருவாரு."

"போனில படம் ஒண்டும் இல்லையோ? காட்டுங்கோவன் பாப்பம்."

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டொக்டரின் மனைவி தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். அப்படி ஒருவர் இருக்கிறாரோ என்னவோ என்பது போன்ற பார்வை அது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சித்தப்பா கத்தாரில் இருக்கிறார், பெரிய வாகனம் ஓட்டுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன். அவரை இல்லாத மனிதராக ஆக்கிவிட்டார்களே என்று மனதுக்குள் குமுறிக்கொண்டு இருந்தேன்.

கானாவூருக்குப் போகிற குழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டு அற்புதம் நடந்த ஊர் என்பதால், அங்கே கணவன் மனைவிமார் ஜோடியாக நின்று கல்யாண வாக்குறுதியை மறுபடியும் சொல்வார்கள். கோயிலுக்குள் வேறு நாட்டுக் குழுக்கள் நிறைந்திருந்ததால் எங்கள் போதகர் வெளியே தோட்டத்தில் ஓர் எலுமிச்சை மரத்தடியில் எல்லாரையும் நிறுத்தினார். கூடவே கொண்டு வந்த ஒலிபெருக்கிப் பெட்டியை ஒரு கல்லின் மேல் வைத்தார். அறுபது எழுபது வயதுக்காரர்கள் கூட கையைப் பிடித்துக்கொண்டு வெட்கப்பட்டார்கள். டொக்டர் வாக்குறுதியின் நடுவில் வரி மறந்து போய், மனைவி எடுத்துக் கொடுத்தார்.

கணவரை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கும் போதகர் ஒரு வழி வைத்திருந்தார். வீடியோ கோல் எடுத்து, போனை அந்தப் பெட்டியோடு இணைத்துவிட்டால் மறுபக்கம் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். முதலில் அம்மாதான். போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை எனக்கு. கண்டியில் அப்பா சாரத்துக்கு மேலே அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிப் போட்டபடி வந்து நின்றார். சுகத்திலும் துக்கத்திலும் இவளை நேசிப்பீரா என்று போதகர் கேட்டார்.

"நேசிப்பேன் பாஸ்டர். அப்படியே அந்த மல்லித்தூள் போத்தல எங்க வச்சாள்னும் கேட்டுச் சொல்லுங்க."

தோட்டமே சிரித்தது. போனைப் பிடித்திருந்த எனக்கும் அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு இருப்பதாகவே பட்டது. அந்த ருசிதான் என்னைக் கெடுத்தது.

"இனி உங்கட தங்கச்சி எல்லோ?" என்று டொக்டரின் மனைவி அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அவருக்கு இது டியூட்டி நேரம்ங்க. எடுக்க மாட்டாரு" என்றாள் சித்தி.

போதகர் உடனே குறுக்கிட்டார். "பரவாயில்ல, பரவாயில்ல. எல்லாரும் கண்ண மூடுங்க, ஜெபத்தோட முடிப்போம்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. சித்தியை இப்படி ஒதுக்கிவிட்டார்களே என்று ஒரு பக்கம் கோபம். மற்றப் பக்கம், ஜெபம் முடிந்து எல்லாரும் கண்ணைத் திறக்கும்போது திரையில் சித்தப்பா இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை. எல்லாரும் கை தட்டுவார்கள், டொக்டரின் மனைவிக்கு முகம் விழுந்துவிடும், கெட்டிக்காரப் பிள்ளை என்று போதகர் தலையைத் தடவுவார். அம்மாவின் போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. சித்தப்பாவின் பெயரைத் தேடி அழுத்தினேன்.

போன் பெட்டியோடு இணைந்திருப்பதை நான் மறந்து போனேன். போதகரின் ஜெபத்துக்கு நடுவில் மணி அடிக்கிற சத்தம் பெட்டியிலிருந்து பெரிதாகக் கேட்டது. ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். நாலாவது மணியில் அவர் எடுத்துவிட்டார். வீடியோ என்று கவனிக்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டார் போலிருக்கிறது, திரை முழுவதும் ஒரு காது தெரிந்தது.

"சொல்லுங்க மதினி" என்றார்.

அவருடைய குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது. அதற்கும் மேலே, தொண்டை கிழிய ஒரு கண்டக்டரின் குரல்: "நுவர, நுவர, நுவர."

நுவர என்றால் சிங்களத்தில் கண்டி, கண்டிக்கு ஆள் ஏற்றுகிற குரல் அது. கண்டியிலிருந்து வந்த முப்பத்திரண்டு பேருக்கும் அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சித்தப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். நனைந்த சிவப்பு பஸ் ஒன்றும், வாழைக்குலை தொங்குகிற ஒரு கடையும் அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்தன.

"உது தெல்தெனிய பஸ் ஸ்டாண்ட் எல்லே?" என்றார் டொக்டர், உண்மையான சந்தோஷத்தோடு. அந்த ஊரில் அவர் முன்பு வேலை பார்த்தவர். "அந்தப் பழக்கடை இப்பவும் இருக்குது, பாருங்கோ."

மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கூட்டமே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது சித்தப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் சித்தியையும் கண்டிருப்பார். உடனே துண்டித்துவிட்டார்.

போதகர் மைக்கைப் பிடித்தபடி நின்றார், ஜெபத்துக்கு ஆமென் கூடச் சொல்லவில்லை. அம்மாதான் முதலில் அசைந்தாள். அவளுக்கும் சித்தப்பா ஊரில் இருப்பது தெரியாது. அந்த ஆத்திரம் முழுவதும் என் பக்கம் திரும்பியது.

"ஒன்ன யாருடி எடுக்கச் சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே கையை ஓங்கிவிட்டாள்.

சித்தி நடுவில் வந்து நின்றாள். "புள்ளைய அடிக்காதக்கா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"நீயா?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

போதகர் சித்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இல்லை, நானாகத்தான் எடுத்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான் குனிந்து சப்பாத்து நாடாவைப் பார்த்தேன். அது அவிழவில்லை. இருந்தும் உட்கார்ந்து அவிழ்த்துக் கட்டினேன்.

விஷயம் எனக்கு முழுதாகத் தெரிய வந்தது பதினேழு வயதில், அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபோதுதான். சித்தப்பா அந்தப் பயணத்துக்கு எட்டு மாதத்துக்கு முன்பே கத்தாரிலிருந்து திரும்பிவிட்டாராம். பிள்ளை இல்லை என்று அவருடைய வீட்டார் பேசிப் பேசி மனதைக் கலைத்ததில், அவர் தெல்தோட்டைக்குப் போகாமல் தெல்தெனியவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். சித்தி ஒருமுறை தேடிப் போய், சந்திக்காமல் திரும்பி வந்திருக்கிறாள். போதகரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். போதகர் போய்ப் பேசிப் பேசி அவரைக் கரைத்து வைத்திருந்தார். நீங்கள் எல்லாரும் வந்ததும் உட்கார்ந்து பேசுவோம், நான் வீட்டுக்குப் போகிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டும் இருந்தாராம்.

கானாவூருக்குப் பிறகு போதகர் போனபோது அவர் கதவைத் திறந்து சொன்னது இவ்வளவுதான்: "ஊரையே கூட்டி வச்சு என்னைய மாட்டி விட்டாளே, அவகூட இனி என்னா பேச்சு." அவர் வரவில்லை. அடுத்த வருடம் வேறொரு கல்யாணம் செய்துகொண்டார்.

பொறுமை இல்லாமல் சித்தி தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்றுதான் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் பேச்சு. அதை அதிகம் சொல்கிறவள் அம்மா. போன நத்தார்ப் பண்டிகைக்குச் சித்தி கண்டிக்கு வந்திருந்தாள். கேக் வெட்டிக்கொண்டே அம்மா மறுபடியும் தொடங்கினாள்: "அன்னிக்கி நீ மட்டும் அந்தப் போன எடுக்கச் சொல்லாம இருந்திருந்தா..."

"விடுக்கா, பழைய கதை" என்றாள் சித்தி. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்திருப்பாள். பெரிய துண்டாக ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தாள். எனக்கு இப்போது இருபத்து மூன்று வயது, கை ஓங்க யாருமில்லை. இருந்தும் வாய் வரவில்லை. பதினொரு வயதில் நான் பேசாமல் இருந்ததைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினேழுக்குப் பிறகு இருந்ததை நினைத்தால் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அன்று கானாவூரிலிருந்து பஸ் புறப்படுவதற்கு முன் வழக்கம் போல ஆள் கணக்கு எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்த இலக்கத்தைச் சொல்ல வேண்டும். சித்திக்கு அப்பாவின் இலக்கம். "பதினேழு" என்று எப்போதும் போலத்தான் சொன்னாள். "பதினெட்டு" என்று நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன், அடி விழாமல் தப்பிய சந்தோஷம். முன் இருக்கையில் டொக்டரின் மனைவி திரும்பவே இல்லை.

காலையில் சரியாகச் சாப்பிடாததால் எனக்குப் பசித்தது. கேட்காமலே சித்திக்கு அது தெரிந்துவிட்டது. கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றிய பாண் உருண்டைகளை எடுத்து என் மடியில் வைத்தாள். தினமும் எனக்காகத்தான் அவற்றை எடுத்து வைத்திருக்கிறாள்.

"சித்தி, நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. சாப்புடு."

சாப்பிட்டேன். பெரியவர்களை யாரும் அடிக்கமாட்டார்கள், ஆகவே அந்தப் பொய்யால் சித்திக்கு ஒரு நட்டமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, இரண்டையும் நானே சாப்பிட்டு முடித்தேன்.