கொன்ட்ராபாஸோடு ஓர் இசைக்குழு தேடி: பீலுக்கும் சூரிச்சுக்கும்

என் மகள் துவாரகாவுக்குப் பதினான்கு வயது. அவள் வாசிப்பது கொன்ட்ராபாஸ், சுருக்கமாகப் பேஸ். வயலின் குடும்பத்திலேயே பெரியது, அவளை விட உயரமானது. போன இலையுதிர் காலத்தில் ஒரு போட்டியில் பாதியில் மறந்துபோய் மேடையிலேயே நின்றுவிட்டாள். அதன் பிறகு மூன்று வாரம் வாத்தியத்தைத் தொடவில்லை. அவளுடைய ஆசிரியர்தான், "தனியாக வாசித்தது போதும், ஓர் இளையோர் இசைக்குழுவில் சேருங்கள்" என்றார். அப்படித்தான் இந்தப் பெப்ரவரியில் இரண்டு குழுக்களைப் பார்க்கப் புறப்பட்டோம்.

முதலில் பீல். நாங்கள் இருப்பது சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில். அங்கிருந்து சூரிச் பிரதான நிலையத்துக்குப் பத்து நிமிடம், பிறகு ஒரு மணி பத்து நிமிட ரயில். அரைக் கட்டண அட்டையோடு எனக்குப் போகவர ஐம்பது பிராங்குக்குக் கொஞ்சம் குறைவு; மகளுக்கு வருடம் முப்பது பிராங் சிறுவர் அட்டை இருப்பதால், என்னோடு வந்தால் பயணம் இலவசம். பேஸைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டுமே என்று பயந்தேன். முன்கூட்டி எழுதிக் கேட்டபோது, குழுவிடமே ஒன்று இருக்கிறது, வாசிக்கும் வில்லை மட்டும் கொண்டு வாருங்கள் என்றார்கள். இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

பீல் நிலையத்தில், அந்த ஊரிலேயே இருக்கும் எங்கள் சிநேகிதி ஜெயந்தி அக்கா காத்திருந்தார். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். இந்தக் குழுவைப் பற்றிச் சொன்னதே அவர்தான். பீல் இருமொழி நகரம்; பேருந்தில் சாரதி ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் சேர்த்தே வணக்கம் சொன்னார். ஒத்திகை நடந்த பாடசாலை மண்டபத்திலும் அதே கதைதான். இசை நடத்துனரான பெண் எதையும் இரண்டு மொழியிலும் சொன்னார்.

துவாரகாவை உடனே வாசிக்க விட்டார்கள். இடைவேளையில் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், பெற்றோர் எனக்குக் கேக்கும் தேநீரும் தந்தார்கள். "இரண்டு வருடமாக எங்களிடம் பேஸ் வாசிக்க ஆளில்லை. விரும்பினால் இன்றிலிருந்தே இந்த இடம் அவளுடையது" என்றார் நடத்துனர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனி என்னத்துக்கு யோசிக்கிறாய்? பிள்ளையைத் தாங்கித் தாங்கி வச்சிருக்குதுகள்" என்றார் ஜெயந்தி அக்கா.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "பிடிச்சதோ?"

"ஓம். எல்லாரும் நல்லவை."

அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழன் மாலை சூரிச். வருவதாகச் சொல்லிவிட்டோமே என்பதற்காகத்தான் போனோம். இங்கே தேர்வில் வென்றால்தான் இடம். அன்று பார்க்க மட்டும் அனுமதி. தேநீர் இல்லை. யாரும் எங்களிடம் பேர்கூடக் கேட்கவில்லை. துவாரகா பேஸ் வாசிக்கும் நான்கு பேருக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தாள். எனக்கு எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது.

இடைவேளையில் அவள் எழுந்து போய், முன்னால் நின்ற உயரமான பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் விரல் வைக்கும் விதத்தைக் காட்டினாள். பிறகு தன் பேஸையே நீட்டினாள். துவாரகா வாசித்தாள், பிழைத்தாள், திரும்ப வாசித்தாள். நாலாவது தரம் சரியாக வந்தது. போட்டிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் அன்றுதான் பார்த்தேன்.

ரயிலேறியதும் அவளே கதைத்தாள். "அம்மா, எனக்கு இங்கதான் வேணும்."

"பீலில உன்னை ஆசையாக் கேக்கினம். இங்க எடுக்காட்டி என்ன செய்வாய்?"

"எடுக்காட்டி அடுத்த வருசமும் வருவன்."

"திரும்பவும் அழுவியெண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

"அழுவன்தான். ஆனா அம்மா, அங்க பேஸ் நான் தனிய. பிழை விட்டாலும் ஆருக்கும் தெரியாது. இங்க பக்கத்தில நிக்கிற ஆக்களைக் கேட்டுக் கேட்டுப் பழகலாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேநீரும் அன்பான வார்த்தையும் எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கின்றன. அவளுக்குத் தேவைப்பட்டது வேறு.

பீலுக்கு உண்மையை எழுதினோம். நடத்துனர் கோபிக்கவில்லை, மே மாதக் கச்சேரிக்கு மட்டும் வந்து உதவ முடியுமா என்று கேட்டார். போனாள், வாசித்தாள். யூனில் சூரிச் தேர்வு. நான் வெளியே நடைபாதையில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

பிள்ளைக்குக் குழு தேடுகிறவர்களுக்கு: முழு ஒத்திகை ஒன்றையாவது இருந்து பாருங்கள். அதே வாத்தியம் வாசிக்கும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தூரத்தையும் யோசியுங்கள், கிழமைதோறும் பீலுக்குப் போயிருந்தால் நாங்கள் களைத்துப்போயிருப்போம். முக்கியமாக, பிள்ளையிடம் "பிடிச்சதோ" என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அங்கே காதில் என்ன விழுந்தது, யார் பக்கத்தில் நின்றார்கள் என்று கேளுங்கள்.

கோடை விடுமுறை முடிந்து முதல் ஒத்திகைக்குக் கூட்டிப்போனேன். பேஸ் இங்கேயும் குழுவுடையதே. வாசலில் அவள் என் கையிலிருந்த வில்லை வாங்கிக்கொண்டு, "நீங்கள் உள்ள வர வேண்டாம் அம்மா, முடிய நான் தனிய வீட்டை வருவன்" என்றாள். ஷ்லீரன் ரயிலில் யன்னலோரமாக இடம் கிடைத்தது. வீடு வரும்வரை எனக்கு யாரோடாவது கதைக்க வேண்டும் போலவே இருந்தது.