டிரம்மில் ஊற்றிய தண்ணீர்

அந்த வின்ச்சின் பிரேக் டிரம்மை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலிலிருந்து மரத்தடிகளை இறக்கிய பழைய வின்ச் அது. அத்தனை கனமான தடி சரசரவென்று இறங்கும்போது, அதன் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த இரும்பு டிரம். பிடித்த வேகம் எங்கே போகும்? சூடாகத்தான் மாறும். நாலு தடி இறங்கினால் டிரம் தோசைக்கல்தான். ஆற்றல் அழியாது, உருமாறும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். அதை மதித்து நடந்தவர் வின்ச் ஓட்டிய அண்ணாச்சி. டீ கிளாஸிலிருந்து இரண்டு சொட்டு டிரம்மில் தெறிப்பார். சுர்ரென்றால், ஆறும்வரை லீவரைத் தொடமாட்டார்.

ஃபோர்மேனுக்கு அந்தக் காத்திருப்பு பொறுக்காது. அன்று சாயங்காலமே கப்பல் கிளம்ப வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி சாப்பிடப் போன நேரம் பார்த்து, சூடு சட்டென்று அடங்கட்டும் என்று, கடல் தண்ணீரை மொண்டு டிரம்மில் ஊற்றச் சொன்னார் என்னிடம். நனைந்த பிரேக் வழுக்கும் என்பது மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஊற்றினேன். வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்தவனும் நான்தான்.

அண்ணாச்சி வந்து டீயைத் தெறித்தார். சத்தமில்லை. நம்பி லீவரைப் பிடித்தார். பாதியில் பிரேக் வழுக்கி, தடி கீழே நின்ற லாரியின் முன்பக்கத்தைச் சப்பையாக்கியது. டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்ததால் பிழைத்தான்.

விசாரணையில் ஃபோர்மேன், அண்ணாச்சி அவசரப்பட்டுவிட்டார் என்று கூசாமல் சொன்னார். அந்தத் துறைமுகத்திலேயே காத்திருக்கத் தெரிந்த ஒரே மனுஷனைப் பார்த்துச் சொன்னார்! என்னைக் கேட்டார்கள். "நான் கவனிக்கல சார்" என்றேன். அண்ணாச்சிக்கு வேலை போயிற்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

போன மாதம் மாப்பிள்ளையூரணியில் ஒரு மாவு மில்லில் அவரைப் பார்த்தேன். தலையெல்லாம் மாவு. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்குத் தண்ணி ஊத்துனது நாந்தான்."

அவர் மோட்டாரை நிறுத்தவில்லை. "பிரேக்கு வழுக்குன ஒடனேயே தெரிஞ்சிட்டுலே. ஊத்தச் சொன்னா ஊத்தத்தான் செய்வ. ஒங்கிட்ட கேட்டாங்கள்லா, அப்ப ஏம்லே உண்மையச் சொல்லல?"

எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் என்றுதான் இத்தனை காலம் எனக்கு நானே பதில் சொல்லிவந்தேன். அவருக்கும் மூன்று பிள்ளைகள்.