மழைமானிக்குப் போர்த்திய படங்கு

போன மே மாதம், பருவமழை பிடித்த முதல் வாரம். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் மண் நகரும் முன் சங்கு ஊதவைக்கும் மென்பொருளை நண்பர்கள் மூவர் எழுதத் தொடங்கியிருந்தோம். எந்த நிரல்மொழியில் எழுதுவது என்று திங்கட்கிழமை முடிவெடுக்க வேண்டும். சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

ஹட்டனில் காலை 6.40 பஸ். 7.35க்குத் தலவாக்கலை. அங்கிருந்து பூண்டுலோயாவுக்கு முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் பிடியுங்கள். பிறகு ஆட்டோ, நான்கு கிலோமீட்டர், 700 ரூபாய்.

"மழைய அளக்கவா கொழும்புல இருந்து வந்தீங்க?" ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "எங்க லயத்துக் கூரையக் கேட்டா அதுவே சொல்லுமே தம்பி."

எனக்குள் வேறு வாக்குவாதம். பைதானில் இரண்டு வாரத்தில் முடியும். சி வேகமானது, ஆனால் நினைவகத்தில் ஒரு தவறு போதும், சொல்லாமல் சாயும். ரஸ்ட் கற்கவே மாதங்கள் ஆகும். உயிர்காக்கும் மென்பொருள் என்றால் ஒருபோதும் நிற்காதது. பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் படித்திருந்தேன்.

9.20. மழை கொட்டுகிறது. செல்பேசியைப் பார்த்தேன். சோதனைக்கு வைத்த எங்கள் மழைமானி பூஜ்ஜியம் காட்டுகிறது. பச்சை விளக்கு, ஆபத்தில்லையாம். நான் தொப்பலாக நிற்கிறேன்.

லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில் இருக்கும் செல்வி அக்கா குடையோடு வந்தார். கொழுந்து எடுப்பவர். சரிவுக்கு அழைத்துப் போனார். மழைமானியின் மேல் படங்கு. கொழுந்து எடுக்கும்போது நனையாமல் இடுப்பில் கட்டும் அதே தடித்த சாக்கு. கயிறு போட்டு இறுக்கியிருந்தது.

"நான்தாங்க கட்டுனேன். வெலகூடுன சாமான், நனஞ்சிருமேன்னு."

"அக்கா, நனையத்தான் அத வச்சிருக்கோம்."

"அத மொதல்லயே சொல்றதில்லையா? மூணு நாளா காவல் காத்துருக்கேன்." சிரித்தவர் சரிவைப் பார்த்ததும் நிறுத்தினார். "அப்ப மூணு நாளும் மழையே இல்லன்னா சொல்லிச்சு? இத நம்பித்தான் தம்பி புள்ளைங்கள உள்ள தூங்க வைக்கப் போறோம்."

நான் படங்கின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டுமே. நாங்க புள்ளைங்கள தூக்கிட்டு கோயிலுக்குப் போயிருவோம்."

அவர் வாசலிலேயே கணினியைத் திறந்தேன். எந்த மென்பொருளின் மௌனத்தை ஒருவர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வாரோ, அதுதான் உயிர்காக்கும் மென்பொருள். மழை, மழை இல்லை, தெரியவில்லை. மூன்று நிலைகள். பைதானில் மூன்றாவதை நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். மறந்தாலும் அது ஓடும், அந்த ஒரு நாள் வரை. ரஸ்டில் மூன்றையும் வகைப்படுத்தி வைத்துவிட்டு ஒன்றைக் கையாளாமல் விட்டால், தொகுப்பி அந்த நிரலை ஏற்கவே மறுக்கும். என் மேசையிலேயே. சரிவில் அல்ல. இருபது மீட்டர் தள்ளி இன்னொரு மழைமானி. இரண்டும் முரண்பட்டால் 'தெரியவில்லை': மஞ்சள் விளக்கு, கூடவே சங்கு.

திங்கட்கிழமை பேச்சு பத்து நிமிடம்தான். ரஸ்ட். மாதங்கள் ஆனாலும்.

போகிறவர்களுக்கு: அட்டைக் கடிக்கு உப்பு, மழைச்சட்டை, சில்லறை. கடைசி பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எதையாவது எழுதுகிறவரானால், மொழியைத் தேர்வதற்கு முன் அதன் கீழே தூங்கப் போகிறவரைப் பாருங்கள்.

போன வாரம் ஒரு மழைமானியில் இலை அடைத்துக்கொண்டது. மஞ்சள் விளக்கு. சங்கு. மலை நகரவில்லை. செல்வி அக்கா கோயிலில் இருந்து செல்பேசியில் பேசினார்.

"தெரியலன்னு சொல்லிச்சுங்க. கெளம்பி வந்துட்டோம்."