சிவமாகிவிட்டார் என்றார்கள்

என் கணவருக்குச் சேரன்மகாதேவியில் உரக்கடை. வாரம் முழுக்க யூரியா மூட்டைக்கும் பூச்சிமருந்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம் என்று ஆளே மாறி, பதிகம் பாடும் குழுவோடு வேனில் ஏறிவிடுவார். ஆற்றங்கரையில் ஏதாவது ஒரு சிவன் கோயில். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பாட்டுதான். எல்லார் கையிலும் புத்தகம் இருக்கும், இவருக்கு அது வேண்டாம். முதல் அடியை இவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எனக்கும் பக்தி உண்டு, அளவோடு. சில ஞாயிறுகளில் நானும் வேனில் போவேன், பாட்டுக்குப் பாதி, கோயில் புளியோதரைக்குப் பாதி. அந்தப் பாட்டுகளில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் என்பது கரைந்துபோய்ச் சிவன் மட்டுமே மிஞ்சுவதாக அடியார்கள் உருகுகிறார்கள்.

"ஆளே கரைஞ்சு போயிட்டா, அதை உக்காந்து பாட்டாப் பாடினது யாருங்க?" என்று கேட்பேன்.

"கணக்கு டீச்சர்மாருக்கு அது வெளங்காதுட்டி" என்று சிரிப்பார். பதில் தெரியாதபோதெல்லாம் இதைத்தான் சொல்வார்.

போன வருஷம் ஆனி மாதம் கடையிலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். என்னைக் கூப்பிடப் பார்ப்பார், வராது, கண் கலங்கிவிடும். நான் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வருவேன்.

ஒரு நாள் அவரைக் குளிப்பாட்டும்போது, பழக்கதோஷத்தில் ஒரு பதிகத்தின் முதல் அடியை முணுமுணுத்தேன். அடுத்த அடி அவர் வாயிலிருந்து வந்தது. கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல், பாட்டு முழுக்கப் பாடினார். என் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. பாட்டு முடிந்ததும் ஆசையோடு, "தண்ணி சூடு போதுமாங்க?" என்று கேட்டேன். மறுபடியும் காற்றுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் வள்ளியூர்ப் பெண் இதற்கு ஆச்சரியப்படவில்லை.

"மூளையில பாட்டுக்கு வேற இடம், பேச்சுக்கு வேற இடம்மா. இவுக பாடுதது மனப்பாடம். நீங்க தொடங்குனா ஓடும். இவுகளா ஒரு வார்த்தை, ஒண்ணே ஒண்ணு, நெனச்சுச் சொல்லணும். அது வந்துட்டா மத்தது பைய வந்துரும்."

"வரலேன்னா?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பாடிக்கிட்டே இருங்கம்மா" என்றாள்.

ஆனால் குழுவிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு வேறு கணக்கு. குழுவில் அரிசிக்கடை அண்ணாச்சி ஒருவர் உண்டு. நல்ல மனுஷர், எதற்கெடுத்தாலும் கண்ணீர் விடுவார். நான் அடி எடுத்துக்கொடுத்து இவர் பாடியதைக் கேட்டதும் அண்ணாச்சி தரையில் விழுந்து கும்பிட்டார்.

"மைனி, அண்ணன் சிவமாயிட்டாக. உலகப் பேச்செல்லாம் உதுந்து போச்சு. அவன் பாட்டு மட்டும் நிக்குது. நமக்கெல்லாம் இது கெடைக்குமா?"

அவ்வளவுதான், ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. வாழைப்பழச் சீப்போடும் ரோஜா மாலையோடும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாங்குநேரியிலிருந்து ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்கு விபூதி வாங்கிக்கொண்டு போனது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. சிவமாகிவிட்டவருக்கு வயிற்றுவலி வந்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தவருக்கு வலிக்கிற இடத்தை நான்தான் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன்.

"அண்ணாச்சி, உங்க சிவனை நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு என் வீட்டுக்காரர் வேணும்" என்று ஒரு நாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அதற்கும் அவர் கண்ணீர் விட்டார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குழுவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் இவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். "மைனி, நீங்களே எடுத்துக் குடுங்க. உங்க குரலுக்குத்தான் அவுக வாராக" என்றார் அண்ணாச்சி.

முதலில் புத்தகத்தையும் இவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே பாடினேன். இரண்டாவது பதிகத்தில் பார்ப்பது நின்றுவிட்டது. என் குரல் எங்கே முடிகிறது, அவர் குரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மற்றவர்களுடைய குரலும் அதற்குள் போய்விட்டது. அடுப்பில் குக்கர் வைத்த நினைவு போயிற்று. அவருடைய வியாதியும் போயிற்று, என் பயமும் போயிற்று. பாடுவது யார், கேட்பது யார் என்று பிரித்துப் பார்க்க அங்கே ஆளில்லை. அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்நாளில் நான் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. ஒரு பதிகத்தில் எல்லாப் பாட்டும் ஒரே அடியில் முடியும். அந்தக் கடைசி அடியில் கொஞ்சம் அசந்தால் போதும், மூன்றாம் பாட்டிலிருந்து எட்டாம் பாட்டுக்குத் தாவிவிடுவோம். பாடுகிற எல்லாருக்கும் தெரிந்த சறுக்கல் இது. நான் தாவினேன். எடுத்துக்கொடுப்பவர் பின்னால் போவதுதான் முறை என்பதால், அண்ணாச்சி உட்பட மொத்தக் கூட்டமும் என் பின்னாலேயே தாவியது.

இவர் தாவவில்லை. முகம் சிவந்தது. நாற்காலிக் கையைப் படாரென்று அடித்தார்.

"அது இல்லட்டி!"

பாட்டு நின்றது. அவரே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு, நான் விட்டுவிட்ட பாட்டின் முதல் அடியை, யாரும் எடுத்துக்கொடுக்காமல், அவராகவே ஆரம்பித்தார். மற்றவர்கள் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டார்கள். தனியாகவே பாடி முடித்தார்.

"சிவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது நம்ம அண்ணன்தான் மைனி!" என்று அண்ணாச்சி தேம்பினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து, "திட்டுங்க, இன்னும் நல்லாத் திட்டுங்க" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

கரைந்துபோவது பெரிய சுகம்தான். கொஞ்ச நேரம் எனக்கும் கிடைத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதிலிருந்து என்னைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, எதிரே தனியாக ஒரு ஆளாக உட்கார்ந்து கோபப்பட்டாரே, அந்தக் கோபத்தைச் சிவனே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.