தாய்மாமன் சட்டையைக் கழற்றிய கதை

அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று நாள் குறித்த அன்று, வீட்டில் எல்லோரும் பந்தியில் என்ன போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் சட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் வேட்டி மட்டும் கட்டி, வெற்றுடம்போடு உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நகை செய்யும் பத்தர் வந்து காது குத்துவார். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. பதிலாள் அனுப்ப வழியில்லை.

சட்டைக்குள் இருந்த சமாச்சாரம் இதுதான்: எனக்கு மார்பு வளர்ந்துகொண்டிருந்தது. வீரம் சொட்ட நிமிர்த்தும் மார்பு இல்லை, ரவிக்கை கேட்கிற மார்பு. நாற்பது வயதில் நான் பருவமடைவதாக நானே ஆபீசில் சொல்லிச் சிரித்துக்கொண்டேன். நாமே முந்திக்கொண்டால் மற்றவர்களுக்கு இடம் இருக்காது என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பு. அக்கா வீட்டுக்காரர், "மாப்ள, உனக்கு எப்ப வளைகாப்பு?" என்று சாப்பாட்டுக்கு நடுவில் கேட்பார்.

முதலில் பார்த்த டாக்டர் என் சட்டையைத் தூக்கக்கூடச் சொல்லவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, "வெயிட் போட்டிருக்கீங்க, வாக்கிங் போங்க" என்றார். போனேன். காலையில் ஸ்ரீரங்கத்து உத்திர வீதியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தொப்பை இறங்கியது. தொப்பை இறங்கியதும் மார்பு முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. வலியும் வந்தது. பஸ்ஸில் யாராவது முழங்கையால் இடித்தால் உயிர் போய்த் திரும்பும்.

காதுகுத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது கண்டோன்மெண்டில் ஒரு சர்ஜனிடம் போனேன். அந்த அம்மா சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு விரலால் காம்புக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். ரப்பர் வில்லை மாதிரி ஒன்று நகர்ந்தது.

"இது கொழுப்பு இல்லீங்க. சுரப்பி. ஆம்பளைங்களுக்கும் கொஞ்சம் இருக்கும். ஹார்மோன் மாறினா வளரும். தைராய்டு, கல்லீரல், விதைப்பை, குடி, ஜிம்முல போடுற ஊசின்னு காரணம் நிறைய இருக்கு. சில மாத்திரையாலயும் வரும். நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

"பிரஷர், சுகர்?"

"எதுவுமே இல்லீங்க."

"காஸ் மாத்திரை?"

"அது போடுவேன். தினமும் காபிக்கு முன்னாடி. ஆனா அது மாத்திரை இல்லியே டாக்டர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்ளோ நாளா?"

"மூணு வருஷமா."

ஆபீசில் பக்கத்து சீட்டு நண்பர், "வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க, அப்புறம் பஜ்ஜி உங்களை ஒண்ணும் பண்ணாது" என்று தொடங்கிவைத்த பழக்கம். அதில் இரண்டு மருந்து உண்டாம். ஒன்று அமிலத்துக்கு. இன்னொன்று டோம்பெரிடோன், வாந்தியை நிறுத்துவது. அந்த இரண்டாவது, பால் சுரக்கவைக்கிற ஹார்மோனையும் ஏற்றிவிடக்கூடியது. ரத்தப் பரிசோதனையில் அதுதான் எகிறியிருந்தது. ஸ்கேனில் கட்டி, புற்று என்று பயப்பட எதுவும் இல்லை.

"முதல்ல அதை நிறுத்துங்க. வலி போயிடும். புதுசா வீங்கினது வத்தும். இறுகிப்போனது அவ்வளவு சுலபமா கரையாது. ஆறு மாசம் பார்ப்போம். அப்பவும் இருந்துச்சுன்னா காம்பு ஓரமா சின்னதா கீறி எடுத்துடலாம்" என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. சட்டையைத் தொடாமல் கொழுப்பு என்ற டாக்டர் மேல். டாக்டர் சீட்டும் கேட்காமல் புளிப்பு மிட்டாய் மாதிரி அட்டை அட்டையாகக் கிழித்துக் கொடுத்த மெடிக்கல் ஷாப்காரர் மேல். நண்பர் மேல். எல்லோருக்கும் மேல், மூன்று வருஷம் மருந்தை விழுங்கிவிட்டு 'ஒண்ணும் இல்லீங்க' என்று பவ்யமாகச் சொன்ன இந்த மகா புத்திசாலி மேல்.

காதுகுத்து அன்று வலி போயிருந்தது. மார்பு போகவில்லை. அக்கா என்னை ஓரமாக இழுத்து, "ஒரு பனியனாவது போட்டுக்கடா, எல்லாரும் பாப்பாங்க" என்றாள்.

"பாக்கட்டும். மூணு வருஷமா யாரும் ஒழுங்கா பாக்காததாலதான் இந்த கதி."

கழற்றினேன். உட்கார்ந்தேன். முசிறியிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டுக்காரரின் பெரியப்பா, "கொழந்த பசியில அழுதா மாமனே பாத்துக்குவாரு போலருக்கே!" என்றார். சிரிப்பு. வழக்கமாக அந்த வரியை நான்தான் சொல்லியிருப்பேன். அன்று வாயில் வேடிக்கை வரவில்லை.

"பெரியப்பா, இது காஸ் மாத்திரை குடுத்த சீர். இங்க தினமும் அதைப் போடுறவங்க கையைத் தூக்குங்க, பாப்போம்!"

யாரும் தூக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பத்தர் அந்த இடைவெளியில் வேலையை முடித்துவிட்டார். குழந்தை வீரிட்டு, என் மார்பில் கன்னத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது. அதற்கு அந்த இடம் மெத்தென்று வசதியாகத்தான் இருந்தது. கை கழுவும் இடத்தில் பெரியப்பா பக்கத்தில் வந்து, "தம்பி, அந்த மாத்திரை பேரு என்ன?" என்று மெல்லக் கேட்டார்.

இதோடு கோபம் அடங்கியிருக்கும். ஆல்பம் வந்தது. அதில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவனுக்கு மார்பு சப்பை. பலகை போல. போட்டோகிராபருக்கு போன் போட்டேன்.

"லேசா டச்சப் சார். எல்லாருக்கும் பண்றதுதான். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"நான் சொன்னேனா சங்கடம்னு? கொழந்த கன்னத்த எது மேல வச்சிருக்கு, பாருங்க. காத்து மேல!"

அவர் பார்த்திருப்பார் போல. "அப்போ கன்னத்தையும் கொஞ்சம் தள்ளி வச்சிரவா சார்?"

"ஐயா, எனக்கு ஆபரேஷன் பண்றதுக்கு டாக்டர் இருக்காங்க. நீங்க எடுத்ததை எடுத்தபடியே போட்டுக் குடுங்க!"

போட்டுக் கொடுத்தார். அந்தப் படம் அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.