காற்று போகாத இடம்

தாது வருஷத்துப் பஞ்சம் தீர்ந்து சில வருஷங்கள் கழித்து, எங்கள் ஆரணியில் நடந்தது இது. நாங்கள் பட்டு நெய்கிறவர்கள், கர்த்தரை நம்பிப் பிழைக்கிற குடும்பம். என் அண்ணனுக்குத் தறியும் வேண்டும், சுருட்டும் வேண்டும்.

ஆனால் பட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சுருட்டு வரக்கூடாது. காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக விரித்திருக்கும்போது யாராவது புகைத்துக்கொண்டு வந்தால், "யோவ், அப்பால போய்யா! ஒரு பொறி பட்டா பட்டு பூடும், நாத்தம் ஏறுனா எவன் வாங்குவான்?" என்று அண்ணன் கத்துவார். தம்முடைய சுருட்டையும் தூரத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டுத்தான் நூலைத் தொடுவார்.

அந்த வருஷம் அவருக்கு இருமல் பிடித்தது. சளியில் ரத்தம் வந்தது. உடம்பு உருகிப் போயிற்று. க்ஷயம் என்றார்கள். மருந்துக்கு நிற்காததால் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்த தமிழ் டாக்டர் அண்ணனைக் குனிய வைத்து, முதுகில் ஒரு விரலை வைத்து, அதன்மேல் மறுகை விரலால் தட்டினார்.

"என்னாங்க ஐயா, சந்தையில பானை வாங்கற மாதிரி தட்டறீங்க? விரிசல் கிரிசல் கீதா?" என்றார் அண்ணன். டாக்டர் சிரித்தார். ஆனால் இடது பக்கம் தட்டும்போது சிரிப்பு நின்றது. மற்ற இடமெல்லாம் கணீரென்றது, அங்கே மண்சுவரைத் தட்டினது போலிருந்தது. அந்த இடத்தின் ஓரத்தைச் சுற்றி மையால் கோடு போட்டு, "அழிக்காம வாங்க" என்று அனுப்பினார்.

மறுபடி போனபோது, பழைய கோட்டைத் தாண்டிப் புதுக்கோடு விழுந்தது. இது க்ஷயமில்லை, நெஞ்சுக்குள் கட்டி என்றார் டாக்டர். கட்டியை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அது வளர்ந்த அளவு அண்ணன் முதுகில் எழுதியிருந்தது.

டாக்டர் ஒரு மரக்குழலின் ஒரு முனையை அண்ணன் முதுகில் வைத்து, மறுமுனையில் என்னைக் காது வைத்துக் கேட்கச் சொன்னார். வலது பக்கம் தோப்பில் காற்று புகுந்து வருகிற சத்தம். நாற்பது வயது மனுஷனுக்குள் இப்படி ஒரு காற்று ஓயாமல் போய் வருகிறதா! ஆதியில் மண்ணைப் பிசைந்து மனுஷனாக்கி, அவன் நாசியில் ஊதின கர்த்தருடைய மூச்சு என்றே நினைத்தேன். குழலை இடது பக்கம் மாற்றினேன். ஒன்றுமே இல்லை.

"சுருட்டாலயாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"உதட்டுல, நாக்குல கட்டி வந்த சுருட்டுக்காரங்களைப் பார்த்திருக்கேன். நெஞ்சுக்குள்ள வர்றதுக்கும் அதுதான் காரணம்னு அடிச்சிச் சொல்ல எனக்குத் தெரியாதுப்பா. இல்லேன்னும் சொல்லமாட்டேன். உள்ள கட்டி வளருது. காத்து போற இடத்தை அது பிடிச்சிக்கிட்டே வருது. எடுக்க எங்களுக்கு வழியில்லை."

வண்டியில் திரும்பும்போது அண்ணன் மடியிலிருந்த சுருட்டை எடுத்துப் பார்த்துச் சொன்னார்:

"பட்டுகிட்ட ஒருத்தனையும் இத்தோட வுட்டதில்லடா தம்பி. ஆண்டவர் உள்ள வச்ச நெஞ்ச நான் பட்டா நெனைக்கல பாரு."

அதை வழியோரச் சேற்றில் எறிந்தார்.

அதன்பிறகு தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும், "காத்து வருதா பார்றா" என்று முதுகைக் காட்டுவார். குழல் இல்லை, வெறும் காதை வைத்துக் கேட்பேன். "வருதுண்ணா" என்பேன். காற்று கேட்கிற இடம் நாளுக்கு நாள் சுருங்கி, தோளுக்குக் கீழே ஒரு கையகலம் ஆயிற்று. மழைக்காலம் தொடங்குமுன் கர்த்தர் அவரை எடுத்துக்கொண்டார்.

இப்போதும் என் பிள்ளைகள் ஓடியாடி வந்து மடியில் விழும்போது, நான் அவர்கள் முதுகில் காதை வைத்துக்கொள்வேன். தோப்புக்குள் புகுந்த அந்தக் காற்று இருபுறமும் நிறைந்து கேட்கும்போது, இத்தனை பெரிய தானத்தை இத்தனை மெல்லிய இடத்தில் வைத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வேன்.